வியர்வை நரம்புப் பரிசோதனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நரம்பு வியாதிக்கு எதற்கு வியர்வையைப் பரிசோதிக்கிறார்கள்?

வியர்வைச் சுரப்பி தானாக இயங்குவதில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் உடல் வெப்பத்தைக் கணித்து உத்தரவு தருகிறது. அது மூளைத்தண்டு வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. மார்புப் பகுதியின் முதல் கண்டம் தொடங்கி இடுப்பின் மேல் கண்டங்கள் வரை உள்ள பரிவு நரம்புச் செல்கள் (நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் நரம்புகளில் ஒரு வகை) அதை வாங்கி, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளுக்கு அனுப்புகின்றன. முடிச்சிலிருந்து கிளம்பும் மிக மெல்லிய நரம்பிழைதான் சுரப்பியைத் தொடுகிறது. இந்த வழியில் எங்கே அடைப்பு வந்தாலும் தோலில் ஓரிடம் காய்ந்துபோகும்.

கடைசியில் சொன்ன மெல்லிய இழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை கிடையாது. கைகால்களில் மின் அதிர்வு கொடுத்துச் செய்யும் வழக்கமான நரம்புக் கடத்தல் பரிசோதனை தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். பாதம் நெருப்பாய் எரிகிறது என்று வருபவருக்கு அந்த அறிக்கை ‘இயல்பு’ என்று வந்துவிடுவது இதனால்தான். மெல்லிய இழைகளின் நிலையை எண்ணாகச் சொல்லக்கூடிய சில வழிகளில் வியர்வைப் பரிசோதனை ஒன்று.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிவு நரம்புகள் பெரும்பாலும் நார்அட்ரினலினைச் சுரப்பவை. வியர்வைச் சுரப்பிக்குப் போகும் இழைகள் மட்டும் விலக்காக அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. பரிசோதனையில் அந்த வேதிப்பொருளைப் பயன்படுத்துவதற்கும், சில மாத்திரைகள் முடிவையே கெடுத்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

பரிசோதனைகள் பல இருக்கின்றனவே, ஒன்று செய்தால் போதாதா?

கேள்வியைப் பொறுத்தது. ‘மெல்லிய நரம்பு கெட்டிருக்கிறதா?’ என்பது மட்டும் கேள்வி என்றால் ஒன்று போதலாம். ‘கோளாறு மூளை, தண்டுவடத்திலா, முடிச்சுக்கு அப்பாலா?’ என்று தெரிய வேண்டுமானால் குறைந்தது இரண்டு வேண்டும்.

வெப்ப அறை வியர்வைப் பரிசோதனை மூளையிலிருந்து சுரப்பி வரை மொத்த வழியையும் சோதிக்கிறது. தோல் காய்ந்திருந்தால் எங்கோ கோளாறு உண்டு என்று அது சொல்லும். எங்கே என்று சொல்லாது. கியூசார்ட் என்கிற நரம்பிழை எதிர்வினைப் பரிசோதனை, முடிச்சுக்குப் பிந்தைய கடைசி இழையை மட்டும் பார்க்கிறது. ஒரே இடத்தில் முதல் பரிசோதனையில் தோல் காய்ந்தும், இரண்டாவதில் வியர்வை இயல்பாகவும் இருந்தால், கோளாறு முடிச்சுக்கு முன்னால், அதாவது மூளையிலோ தண்டுவடத்திலோ இருக்கிறது. இரண்டிலும் காய்ந்திருந்தால் கடைசி இழை பழுது, அல்லது சுரப்பியே பழுது. இதில் இழையா சுரப்பியா என்று பிரிக்க, சுரப்பியை நேரடியாகத் தூண்டும் பைலோகார்ப்பினைத் தோலில் செலுத்திப் பார்க்கலாம், அல்லது தோல் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. முடிச்சுக்கு முன்னால் உள்ள நோய் பல ஆண்டுகள் நீடித்தால், அப்பால் உள்ள இழையும் சுரப்பியும் வேலையின்றி மெலியத் தொடங்கும். அப்போது கியூசார்ட்டும் குறைந்து, எல்லாமே கடைசி இழையின் நோய் போலத் தோன்றும். ஆகவே நோய் தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரியாமல் இந்த முடிவுகளைப் படிக்கக் கூடாது.

எந்த மருந்துகளை நிறுத்த வேண்டும்?

பொய்யான முடிவுகள் அதிகம் பிறப்பது இங்கேதான். கருவியைக் குறை சொல்வதற்கு முன் மாத்திரைப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

அசிட்டைல்கோலினைத் தடுக்கும் எந்த மருந்தும் வியர்வையைக் குறைக்கும். அடிக்கடி சிறுநீர் வருவதற்குத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினின், டால்டெரோடின், சோலிஃபெனாசின். பார்க்கின்சன் நடுக்கத்துக்கான டிரைஹெக்ஸிஃபெனிடில். அதிக வியர்வைக்கே தரப்படும் கிளைக்கோபிரோலேட். பயணக் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமின் பட்டை எல்லாம் இந்த வகை. பலரும் மறப்பது இரண்டு. நரம்பு வலிக்கென்று இரவில் சாப்பிடும் அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் ஒன்று. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகள் இன்னொன்று. இவற்றை ‘மருந்து’ என்று கணக்கில் சேர்க்காமலே நோயாளிகள் வந்துவிடுகிறார்கள்.

பொதுவாக 48 மணி நேரம் நிறுத்துவது வழக்கம். சரியான கணக்கு, அந்த மருந்தின் அரை ஆயுள் காலத்தைப்போல் (உடலில் மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம்) ஐந்து மடங்கு. அமிட்ரிப்டிலின் மெதுவாகக் கழிவதால் அதற்கு இரண்டு நாள் போதாது.

வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரப்படும் டோபிரமேட், ஸோனிஸமைட் இரண்டும் வேறு வழியில், கார்போனிக் அன்ஹைட்ரேஸ் நொதியைத் தடுத்து, வியர்வையைக் குறைக்கின்றன. வலிப்புக்காக இவற்றைச் சாப்பிடுபவர் பரிசோதனைக்காக நிறுத்தவே கூடாது. மருந்தின் பெயரையும் அளவையும் அறிக்கையில் எழுதி, முடிவை அதற்கேற்பப் படிப்பதுதான் முறை. மன அழுத்தத்துக்கான வென்லாஃபாக்ஸின் போன்றவையும், பைரிடோஸ்டிக்மினும் வியர்வையைக் கூட்டக்கூடும். அவற்றையும் குறிக்க வேண்டும். போட்யுலினம் ஊசி போட்ட இடம் பல மாதங்களுக்குக் காய்ந்தே இருக்கும்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சொல்லும் படிப்படியான குறைப்பில் நிறுத்துங்கள்.

அன்றைக்கு எப்படி வர வேண்டும்?

நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். உடலில் நீர் குறைந்தால் நரம்பு நன்றாக இருந்தும் வியர்வை குறையும். குளித்துவிட்டு, எண்ணெய், கிரீம், பவுடர், வாசனைத் திரவியம் எதுவும் பூசாமல் வாருங்கள். தோலில் படிந்த எண்ணெய்ப் படலம் மின்னோட்டத்தையும் தடுக்கும், நிறப்பொடியையும் ஒட்டவிடாது. முந்தைய இரவிலிருந்து மது வேண்டாம், அன்று காலை காபி, தேநீர், புகை வேண்டாம். கனமான சாப்பாட்டை சில மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். இறுக்கமான கால் உறைகளை அணிபவர்கள் அன்று காலையே கழற்றிவிட வேண்டும். காய்ச்சல் இருந்தால் வேறு நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெப்ப அறைப் பரிசோதனையில் என்ன நடக்கும்?

உடைகளைக் களைந்து, மறைக்க வேண்டிய இடத்தை மட்டும் சிறு துணியால் மூடி, மல்லாந்து படுக்க வைப்பார்கள். கண்ணுக்கும் மூக்கு, வாய்க்கும் காப்பு போட்டுவிட்டு உடலின் முன்பக்கம் முழுக்க நிறம் மாறும் பொடியைத் தூவுவார்கள். பரவலாகப் பயன்படும் கலவை அலிசரின் ரெட் 1 பங்கு, சோள மாவு 2 பங்கு, சோடியம் கார்பனேட் 1 பங்கு. உலர்ந்திருக்கும்போது ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கும் இது, ஈரம் பட்டதும் அடர் ஊதாவாகும். பழைய முறை, 1920களில் விக்டர் மைனர் கொண்டுவந்த அயோடின்-மாவு முறை. பிறகு குட்மன் குவினிசரின் பொடியை முன்வைத்தார்.

அறையின் காற்று 45 முதல் 50 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 35 முதல் 40 சதவீதம். மேலிருந்து அகச்சிவப்பு விளக்குகள் தோலை 39 டிகிரி அளவில் வைத்திருக்கும். வாய்க்குள் ஒரு வெப்பமானி இருக்கும். உடல் உள்வெப்பம் 38 டிகிரியைத் தொட வேண்டும். தொடக்கத்திலேயே அதிகமாக இருந்தவருக்குக் குறைந்தது 1 டிகிரியாவது ஏற வேண்டும். இதற்கு 30 முதல் 65 நிமிடம் ஆகலாம். 70 நிமிடத்துக்கு மேல் நீட்டுவதில்லை. அதற்குப் பிறகு வெப்பமே சுரப்பியைக் களைப்படையச் செய்து, இல்லாத நோயைக் காட்டும்.

முடிந்ததும் படம் எடுத்து, முன்பக்கப் பரப்பில் எத்தனை சதவீதம் மஞ்சளாகவே நின்றது என்று கணக்கிடுவார்கள். சதவீதத்தைவிட அந்த மஞ்சளின் வடிவம் முக்கியம். பாதத்திலிருந்து முழங்கால் வரை காலுறை போட்டதுபோல் காய்ந்திருந்தால் நுனியிலிருந்து கெடும் நரம்பு நோய். ஒரு பட்டையாக விலாவில் மட்டும் காய்ந்தால் அந்தத் தண்டுவட வேரில் கோளாறு. மார்புக்குக் கீழே ஒரே கோடாக நின்றுவிட்டால் தண்டுவடக் காயம். முழு உடலும் காய்ந்தால் காரணங்களின் பட்டியல் நீளும்.

மஞ்சளெல்லாம் நோயல்ல. ஈ.சி.ஜி பட்டை ஒட்டிய இடம், உடல் படுக்கையில் அழுந்திய ஓரம், முழங்கால் சில்லு போன்ற எலும்பு முனைகள் ஆரோக்கியமானவர்களிடமும் காய்ந்து தெரியும். பழகிய கண் இவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் எண்ணும்.

ஆபத்து உண்டா?

வியர்வையே வராதவரைச் சூடேற்றுகிறோம் என்பதை மறக்கக் கூடாது. அவருக்கு உள்வெப்பம் மற்றவர்களைவிட வேகமாக ஏறும். அதனால் வெப்பமானியைத் தொடர்ந்து பார்க்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இலக்கைத் தொட்டவுடன் வெளியே எடுத்து, ஈரத்துணியும் மின்விசிறியும் கொண்டு குளிர்விக்க வேண்டும். மூடிய இடத்தில் பயப்படுபவர்கள், இதய நோயாளிகள் முன்பே சொல்லிவிட வேண்டும். முடித்து எழும்போது சட்டென்று நிற்காதீர்கள். வியர்வை, ரத்த அழுத்தம் போன்றவற்றைத் தானாக இயக்கும் தன்னியக்க நரம்புகளின் நோயில் நிற்கும்போது ரத்த அழுத்தம் விழுவது சகஜம். சூடு ரத்தக் குழாய்களை விரித்து அதை மோசமாக்கும். ஊதாக் கறை சோப்புக்குப் போய்விடும், ஆனால் துணியில் நிற்கும். பழைய உடை போட்டுவாருங்கள்.

கியூசார்ட் எப்படிச் செய்கிறார்கள்?

1983-இல் மேயோ கிளினிக்கின் ஃபிலிப் லோவும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முறை. ஒரு காசு அளவுள்ள குப்பியைத் தோலில் இறுக்கிக் கட்டுவார்கள். அதற்குள் வட்டத்துக்குள் வட்டமாக அறைகள் உண்டு. வெளி வளையத்தில் 10 சதவீத அசிட்டைல்கோலின் கரைசல், நடுவில் ஒரு காற்று இடைவெளி, மையத்தில் வியர்வையை அளக்கும் அறை. கரைசலுள்ள வளையத்தில் நேர்மின்முனையை இணைத்து, பக்கத்தில் எதிர்மின்முனையை ஒட்டி, 2 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் 5 நிமிடம் செலுத்தப்படும்.

அசிட்டைல்கோலின் வெளி வளையத்தின் கீழுள்ள நரம்பிழை நுனியைத் தூண்டுகிறது. அந்தத் தூண்டல் இழையில் பின்னோக்கி ஓடி, கிளை பிரியும் இடத்தை அடைந்து, அங்கிருந்து இன்னொரு கிளை வழியாக முன்னோக்கி வந்து மையத்திலுள்ள சுரப்பியைச் சுரக்க வைக்கிறது. மைய அறையில் வியர்வை வந்தால் இழை உயிரோடு இருக்கிறது என்று பொருள். கரைசல் அந்தச் சுரப்பியை நேராகத் தொடவே இல்லை. மைய அறை வழியாக உலர்ந்த நைட்ரஜன் ஒரே சீராக ஓடும். அது கொண்டுவரும் ஈரத்தை அளந்து, வரைபடத்தின் கீழுள்ள பரப்பை மைக்ரோ லிட்டரில் சொல்வார்கள். தூண்டி 1 முதல் 2 நிமிடத்தில் வியர்வை தொடங்கும். மின்னோட்டம் நின்ற பிறகும் 5 நிமிடம் பதிவு தொடரும்.

வழக்கமான இடங்கள் நான்கு: முன்கையின் உள்பக்கம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், உள் கணுக்காலுக்கு 5 செ.மீ. மேலே, பாதத்தின் மேற்புறம். நான்கிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். ஆண்களுக்கு வியர்வை அளவு பெண்களைவிட அதிகம், வயதுக்கேற்பவும் மாறும். ஆகவே ஒரே அட்டவணையை எல்லாருக்கும் வைக்க முடியாது. நைட்ரஜனுக்குப் பதில் அறைக்காற்றை உலர்த்திப் பயன்படுத்தும் கருவிகள் குறைந்த எண்களைத் தரும். ஒரு கருவியின் இயல்பு எல்லையை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவது தவறு.

வலிக்குமா?

குறுகுறுவென்று எரியும், சிலருக்குச் சுருக்கென்று குத்தும். வளையம் பட்ட இடம் சில மணி நேரம் சிவந்திருக்கும். எரிச்சல் ஒரே புள்ளியில் கூர்மையாக இருந்தால் உடனே சொல்லுங்கள். அங்கே கரைசல் விலகி, மின்னோட்டம் ஒரே இடத்தில் குவிகிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் சிறு தீக்காயம் வரும்.

கியூசார்ட்டில் எங்கெல்லாம் தவறு நேர்கிறது?

வளையத்தில் காற்றுக்குமிழி தங்குவதுதான் முதல் குற்றவாளி. குமிழி உள்ள இடத்தில் கரைசல் தோலைத் தொடாது, அசிட்டைல்கோலின் போதுமான அளவு உள்ளே போகாது, வியர்வை குறைந்ததாக முடிவு வரும். நிரப்பும்போது காற்று வெளியேறும் துளையை மேல்நோக்கி வைத்து, ஊசிக்குழாயை மெதுவாக அழுத்த வேண்டும்.

அசிட்டைல்கோலின் நேர்மின் அயனி. அதை நேர்முனைதான் தோலுக்குள் தள்ளும். கம்பிகளை மாற்றி மாட்டினால் கருவி 2 மில்லி ஆம்பியர் என்றே காட்டும், ஆனால் மருந்து உள்ளே போகாது. நான்கு இடமும் ஒரே நேரத்தில் சுத்தமாகக் காய்ந்திருந்தால், அதுவும் நோயாளியின் நெற்றி வியர்த்திருக்கும்போது, நோயைச் சொல்வதற்கு முன் கம்பியைப் பாருங்கள்.

குப்பியின் விளிம்பில் கசிவு இருந்தால் கரைசலே மைய அறைக்குள் புகும். வரைபடம் ஒரு நிமிடத்துக்காகக் காத்திருக்காமல் மின்னோட்டம் தொடங்கியவுடன், அல்லது அதற்கும் முன்பே செங்குத்தாக எழும். ரோமம் அடர்ந்த காலிலும், எலும்பு துருத்திய கணுக்காலிலும் இது அதிகம். தோலை அசிட்டோன், ஆல்கஹால், பிறகு தண்ணீர் என்ற வரிசையில் துடைத்து, உலர்ந்த பின் கட்டுவது நல்லது.

தொடக்கக் கோடு தட்டையாக நிற்காமல் அலைந்தால் தூண்டலைத் தொடங்காதீர்கள். அறை சூடாக இருக்கலாம், நோயாளி பதற்றத்தில் இருக்கலாம். நேர்மாறாக, அறை மிகக் குளிர்ந்து தோல் சில்லிட்டிருந்தாலும் அளவு குறையும். போர்வை போர்த்தி, சில நிமிடம் பேசாமல் படுக்கவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

வியர்வை நிற்காமல் தொடர்ந்தால் அது நல்ல முடிவா?

இல்லை. மின்னோட்டம் நின்றதும் வரைபடம் இறங்க வேண்டும். இறங்காமல் நீடித்தால் இழைகள் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கின்றன என்று பொருள். வலியோடு வரும் நரம்பு நோயின் ஆரம்ப கட்டத்தில் இது தெரியும். மொத்த அளவு ‘இயல்பு’ எல்லைக்குள் விழுந்துவிடுவதால், எண்ணை மட்டும் பார்ப்பவர் கண்ணில் இது படாது. வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

கைகால்களில் பட்டை ஒட்டி, அதிர்ச்சி கொடுத்து எடுப்பது எது?

அது பரிவுத் தோல் மின்விளைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மின்முனை ஒட்டி, திடீர் மின் அதிர்வு, சத்தம், இருமல் அல்லது சட்டென்ற ஆழ்மூச்சு தந்து தோலின் மின்னழுத்த மாற்றத்தைப் பதிவு செய்வார்கள். கையில் சுமார் 1.5 நொடியிலும் காலில் சுமார் 2 நொடியிலும் அலை எழும்.

வழக்கமான நரம்புக் கடத்தல் கருவியிலேயே செய்துவிடலாம் என்பது இதன் வசதி. மூன்று நான்கு தடவை ஒரே தூண்டலைக் கொடுத்தால் உடல் பழகி, அலை சிறுத்துவிடும் என்பது தொல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நிமிடமாவது விட்டு, எதிர்பாராத நேரத்தில் தூண்ட வேண்டும். தோல் 32 டிகிரிக்குக் குறையக் கூடாது. மணிக்கட்டில் தரும் அதிர்வையே உணராத நோயாளிக்கு அலை வராவிட்டால் அது வியர்வை நரம்பின் குற்றமாகாது. மூச்சையோ சத்தத்தையோ வைத்து மறுபடி பார்க்க வேண்டும். வயதானவர்களிடம் காலில் அலை வராமலே போகலாம். அலையின் உயரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதை நாங்கள் நம்புவதில்லை. அடிப்படையான கேள்வி, அலை இருக்கிறதா இல்லையா என்பதுதான்.

உலோகத் தகட்டில் கை, கால் வைத்து மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறார்களே, அது?

அது தோல் மின்கடத்துத் திறன் அளவீடு. 4 வோல்ட்டுக்கு மேற்படாத நேர்மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கொடுத்து, வியர்வையிலுள்ள குளோரைடு அயனிகள் தரும் மின்னோட்டத்தை வைத்துக் கடத்துத் திறனை மைக்ரோ சீமென்ஸில் சொல்லும். வலியில்லை, விரைவு, மறுபடி மறுபடி செய்யலாம். சர்க்கரை நோயாளிகளை வரிசையாகச் சலித்துப் பார்க்க உதவும். ஆனால் நரம்பை அது தனியாகத் தூண்டுவதில்லை. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர வேறெங்கும் பார்ப்பதுமில்லை. கோளாறு முடிச்சுக்கு முன்னா பின்னா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது.

பெரிய கருவி எதுவும் இல்லாத இடத்தில் என்ன செய்யலாம்?

அயோடின்-மாவு முறை போதும். அயோடின் கரைசலைத் தடவி, முழுக்கக் காயவிட்டு, மேலே மாவை மெல்லிய படலமாகச் சலித்துத் தூவ வேண்டும். வியர்வை பட்ட இடம் கருநீலமாகும். அயோடின் ஈரமாக இருக்கும்போதே மாவைத் தூவுவதுதான் எல்லாரும் செய்யும் பிழை. உடனே எல்லா இடமும் கறுத்துவிடும். அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வேண்டாம். தொழுநோயின் உணர்விழந்த தேமலில் வியர்வை உண்டா என்று பார்க்கவும், உமிழ்நீர்ச் சுரப்பி அறுவைக்குப் பின் சாப்பிடும்போது கன்னம் வியர்ப்பதன் எல்லையை வரையவும் இதுவே பயன்படுகிறது.

கோபால்ட் குளோரைடு பூசிய ஒட்டுப்பட்டை இன்னொரு வழி. உள்ளங்காலில் 10 நிமிடம் ஒட்டினால் நீலம் இளஞ்சிவப்பாக வேண்டும். நீலம் மிச்சமிருந்தால் வியர்வை போதவில்லை.

பல உறுப்புச் சிதைவையும் பார்க்கின்சனையும் பிரிக்க இது உதவுமா?

உதவும். பல உறுப்புச் சிதைவு (multiple system atrophy) என்பது பார்க்கின்சன் போலவே தோன்றும் மூளை நோய். அதில் தன்னியக்கக் கோளாறு மூளை, தண்டுவடத்தில் இருப்பதால் வெப்ப அறையில் உடலின் பெரும்பகுதி காய்ந்திருக்கும், ஆனால் ஆரம்ப ஆண்டுகளில் கியூசார்ட் ஓரளவு நன்றாகவே இருக்கும். பார்க்கின்சனில் வியர்வை இழப்பு பொதுவாகக் குறைவு, நுனிகளில் அதிகம். தன்னியக்க நரம்புகள் மட்டும் செயலிழக்கும் நோயில் கடைசி இழையே பழுதாவதால் இரண்டும் குறையும். இதைத் தனியாக வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ரத்த அழுத்தம், மூச்சோடு இதயத் துடிப்பு மாறும் அளவு ஆகியவற்றோடு சேர்த்துத்தான். அப்படிச் சேர்த்து 10 புள்ளிக்குக் கணக்கிடும் அளவுகோலில் வியர்வைக்கு அதிகபட்சம் 3 புள்ளி.

முகத்தில் ஒரு பாதி மட்டும் சிவந்து வியர்க்கிறது. அந்தப் பக்கத்தில்தான் நோயா?

பெரும்பாலும் இல்லை. வெளுத்து, காய்ந்து இருக்கும் மறுபாதியில்தான் நரம்பு அறுந்திருக்கும். சிவந்த பாதி தன் வேலையைச் செய்கிறது, சில நேரம் மறுபாதியின் வேலையையும் சேர்த்து. உடம்பு முழுவதற்கும் இதே கணக்குதான்: ‘நெஞ்சும் தலையும் ஊற்றாக வியர்க்கிறது’ என்று வரும் சர்க்கரை நோயாளிக்குக் கால் இரண்டும் காய்ந்திருக்கும். குளிர்விக்க மிச்சமிருக்கும் இடத்தில் உடல் கூடுதலாகச் சுரக்கிறது. அவருக்கு வியர்வையை நிறுத்தும் மாத்திரை கொடுத்தால் வெயிலில் ஆபத்தில் விழுவார்.

ஒருபக்கம் காய்ந்திருப்பதோடு கண்மணி சுருங்கி, இமை தொங்கியிருந்தால் கழுத்திலும் நுரையீரல் உச்சியிலும் தேட வேண்டும். கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு மந்தமாகச் சுருங்குவதும், தசைநாண் எதிர்வினை இல்லாததும், உடலில் திட்டுத்திட்டாக வியர்வை இல்லாததும் சேர்ந்தால் அது ராஸ் நோய்க்குறி.

கர்ப்பிணிகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் செய்துகொள்ளலாமா?

வெப்ப அறை கர்ப்பிணிகளுக்கு வேண்டாம். பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு மின்னோட்டம் செலுத்தும் பரிசோதனைகளை இதய மருத்துவரைக் கேட்காமல் செய்வதில்லை. பிறந்ததிலிருந்து காரணமில்லாக் காய்ச்சல் வரும், வலியே உணராத குழந்தைக்கு வெப்ப அறை தேவையே இல்லை. தோல் பரிசோதனையும் என்டிஆர்கே1 மரபணுப் பரிசோதனையும் போதும்.

அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

வெப்ப அறை என்றால் தொடக்க, இறுதி உள்வெப்பம், எடுத்த நேரம், முன்பக்கப் படம், காய்ந்த பரப்பின் சதவீதம். உள்வெப்பம் 38-ஐத் தொடாமல் நிறுத்தியிருந்தால் ‘வியர்வை இல்லை’ என்ற வரிக்கு மதிப்பில்லை. கியூசார்ட் என்றால் நான்கு இடத்தின் அளவும், அந்தக் கருவிக்கே உரிய வயது, பாலின எல்லையும், வரைபடமும். நான்கு எண்களும் எல்லைக்குள் இருந்தும் பாதத்தின் அளவு முழங்காலுக்குக் கீழுள்ள இடத்தின் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால், அதை இயல்பென்று விடக் கூடாது. நுனியிலிருந்து தொடங்கும் நோயின் அடையாளம் அது. கடைசியாக, அன்று நீங்கள் சாப்பிட்டிருந்த மருந்துகள். அந்தப் பகுதி வெறுமையாக இருந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து மறுபடி செய்யும்போது, எண் மாறியது நோயாலா மாத்திரையாலா என்று பார்க்க அது தேவைப்படும்.